சாரல் ஊரில் ஒரு மஞ்சள் கொடிரோசா

இன்று காலை வாசல் தெளிக்க வாளியோடு போனவள், வாளியை அப்படியே வைத்துவிட்டுக் கிழக்குச் சுவரில் பூக்களை எண்ண ஆரம்பித்துவிட்டேன். 37 பூ. மொட்டைக் கணக்கில் சேர்க்கவில்லை, அது இன்னும் இரண்டு மடங்கு இருக்கும். பத்தடி நீளச் சுவர், அதில் கம்பிமேல் படுத்துக்கிடக்கும் நாலு கொம்பு, ஒவ்வொரு கொம்பிலும் வரிசையாக நிமிர்ந்து நிற்கிற மஞ்சள். இதைப் பார்க்க எனக்கு ஆறு வருஷம் ஆகியிருக்கிறது. அதனால் தைத்துக் கொடுக்க வேண்டிய ரவிக்கைகளை மத்தியானத்துக்கு ஒதுக்கிவிட்டு முதலில் இதை எழுதுகிறேன்.

எங்கள் ஊர் புளியரை. செங்கோட்டையிலிருந்து கொல்லம் சாலையில் போனால் தமிழ்நாட்டுப் பக்கம் கடைசியாக வருகிற ஊர். அதைத் தாண்டி மலையேறினால் கோட்டைவாசல், அப்புறம் ஆரியங்காவு, தென்மலை. செங்கோட்டைப் பக்கமே 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்ததுதான், அதனால் பழைய ஆட்கள் பேச்சில் மலையாளம் தானாகக் கலந்து வரும், வாழைக்கன்று முதல் கல்யாணப் பட்டுவரை மலைக்கு இரண்டு பக்கமும் போய் வாங்குவது எங்களுக்குப் பழக்கம். ரோசாச் செடிக்கும் அப்படித்தான் போனேன்.

முதல் செடி, மலைக்கு அந்தப் பக்கம் சாலையோர நர்சரி ஒன்றில் வாங்கியது. "கேறிப் போகும் சேச்சி, நல்ல மஞ்ஞப் பூவு, உறப்பா" என்று அந்தச் சேட்டன் சொன்னார். பையில் இருந்த செடியில் ஒரு மஞ்சள் மொட்டும் இருந்தது, ஆகவே அவர் சொன்னதில் தப்பில்லை. தப்பு என் கையில்தான். செடி சாயாமல் நிற்கட்டும் என்று ஒட்டுக் கட்டின இடத்தையும் சேர்த்து மண்ணுக்குள் புதைத்து நட்டேன். அந்த வருஷச் சாரலில் மேலே இருந்த கிளை நுனியிலிருந்து கறுத்துக்கொண்டே வந்து காய்ந்தது. பத்து நாளில் அடியிலிருந்து பச்சைப்பசேலென்று ஒரு துளிர் கிளம்பி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே எட்டடி ஏறிவிட்டது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, செடி பிழைத்துவிட்டது, கொடியும் ஏறுகிறது, இனி பூதான் பாக்கி என்று இருந்தேன். ஒன்றரை வருஷம் புண்ணாக்குக் கரைசல் ஊற்றி வளர்த்த பிறகு அது பூத்தது. சின்னச் சின்னதாக, கொத்தாக, வெளிறின ரோஸ் நிறத்தில்.

அது வேர்ச்செடி. கடையில் வாங்குகிற ரோசாக்களில் முக்கால்வாசி ஒட்டுச்செடிதான். எந்த மண்ணிலும் பிழைக்கிற முரட்டு வகை ஒன்றின் தண்டில், நமக்கு வேண்டிய பூவின் மொட்டுக்கண்ணை வெட்டிச் சொருகிக் கட்டுவார்கள். மேலே உள்ள ஒட்டு செத்தால் கீழே உள்ளது சும்மா இருக்காது, தன் பாட்டுக்குத் துளிர்த்து முழுச் செடியாகிவிடும். ஒரு காம்பில் ஏழு இலை வந்தால் காட்டு ரோசா, ஐந்து இலை வந்தால் நல்ல ரோசா என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். பெரும்பாலும் சரியாக வரும், ஆனால் அதை மட்டும் நம்ப வேண்டாம், நல்ல கொடிரோசாக்களிலேயே ஏழு இலை வருகிறது. துளிர் எங்கிருந்து கிளம்புகிறது என்று பாருங்கள். ஒட்டுக் கட்டின முண்டுக்குக் கீழே இருந்து வந்தால், வெட்டக்கூடாது, மண்ணை விலக்கிவிட்டுக் கையால் கீழ்நோக்கி இழுத்துப் பிய்த்து எடுக்க வேண்டும். வெட்டினால் அதே இடத்தில் இரண்டாக வரும். அந்த முண்டு மண்ணுக்கு மேலே இரண்டு விரல்கடை தெரிகிற மாதிரி நட்டிருந்தால் இதெல்லாம் கண்ணுக்குத் தெரிந்திருக்கும். எனக்குத் தெரியவில்லை, ஒன்றரை வருஷம் போயிற்று.

இரண்டாவது செடி தென்காசியில் வண்டியில் செடி கொண்டுவந்து விற்கிற ஒருவரிடம் கிடைத்தது. ஓசூர்ச் செடி என்றார், பெயர் எழுதின அட்டை எதுவும் இல்லை. பூத்த பிறகு அதன் நீண்ட கூர்மையான மொட்டு, அதிக அடுக்கு இல்லாத இதழ்கள், நடுவில் செம்மை ஓடின மகரந்தத் தாள்கள், பளபளவென்ற கரும்பச்சை இலை, முள் குறைவான கொம்பு எல்லாவற்றையும் பார்த்து, இது 'கோல்டன் ஷவர்ஸ்' என்றுதான் முடிவுக்கு வந்திருக்கிறேன். அமெரிக்காவில் லாம்மெர்ட்ஸ் என்பவர் உருவாக்கின வகை, 1956இல் வந்தது, அதாவது செங்கோட்டை தமிழ்நாட்டுக்கு வந்த அதே வருஷம். இந்தப் பொருத்தத்தைக் கண்டுபிடித்த அன்று எனக்கு ஏனோ செடிமேல் இன்னும் கொஞ்சம் பாசம் கூடிவிட்டது.

மஞ்சள் கொடிரோசாவில் வேறு வகைகளும் உண்டு. 'மரேஷல் நியெல்' என்று 1864இல் வந்த பிரெஞ்சு ரோசா, பூவின் கனம் தாங்காமல் காம்பு வளைந்து தலை கவிழ்ந்து நிற்கும், கீழே நின்று அண்ணாந்து பார்க்கிற மாதிரி வளர்த்தால் அவ்வளவு அழகு, வெப்பத்தையும் விரும்பும். 'லேடி பேங்க்ஸ்' மஞ்சள் முள்ளே இல்லாமல் வீட்டுக்கூரை அளவுக்குப் படரும், ஆனால் வருஷத்தில் ஒருமுறைதான் பூக்கும், அதற்குக் குளிரும் வேண்டும். படத்தைப் பார்த்து ஆசைப்பட்டு அதை நம் பக்கத்துக் கீழ்நாட்டில் வாங்கி வைக்காதீர்கள். மலைமேல் வீடு உள்ளவர்கள் வளர்க்கட்டும்.

சரி, நட்ட கதைக்கு வருகிறேன். இடம் தேர்ந்தெடுப்பதற்கே ஒரு மாதம் யோசித்தேன். ஜூன் பிறந்தால் எங்களுக்குக் கணவாய் வழியாக மேல்காற்று இறங்கும், கூடவே சாரல். குற்றாலத்துக்கு அதுதான் சீசன், ஊரே கொண்டாடும். ரோசாவுக்கு அது கஷ்டகாலம். அதனால் மேற்கே வீடு மறைத்துக்கொள்ளும்படி கிழக்குச் சுற்றுச்சுவரைப் பிடித்தேன். காற்றுக்கு மறைவு, அதோடு முதல் வெயில் அங்கேதான் விழும், இரவு நனைந்த இலை எட்டு மணிக்கெல்லாம் உலர்ந்துவிடும். இந்த இரண்டாவது காரணம் எவ்வளவு பெரியது என்று நட்டபோது எனக்குத் தெரியாது.

ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி குழி, அதே ஆழம். எங்கள் செம்மண், மக்கின சாணம், கொஞ்சம் ஆற்றுமணல், வேப்பம்புண்ணாக்கு ஒரு கை, எலும்புத்தூள் ஒரு கை. சுவரை ஒட்டி நடாமல் ஒன்றேகால் அடி தள்ளி நட்டேன், சுவரோரத்து மண் எப்போதும் காய்ந்தே கிடக்கும். சுவரில் கொக்கி அடித்து மூன்று வரிசை ஜி.ஐ. கம்பி இழுத்துக் கொடுத்தார் வீட்டுக்காரர், வரிசைக்கு வரிசை ஒன்றரை அடி, சுவரிலிருந்து ஒரு ஜாண் இடைவெளி. இடைவெளி காற்றோட்டத்துக்கு. கம்பி அவசியம், ஏனென்றால் கொடிரோசா என்று பெயர்தானே தவிர அதற்குப் பாகல் மாதிரி பற்றுக்கம்பி கிடையாது, பிச்சி மாதிரி சுற்றிக்கொண்டும் ஏறாது. காட்டில் இருந்தால் முள்ளைப் பக்கத்து மரத்தில் மாட்டிக்கொண்டு ஏறும். வீட்டில் நாம்தான் கட்டிவிட வேண்டும்.

கட்டுவதற்கு முதலில் வாழைநார் எடுத்தேன், வீட்டில் பூக்கட்ட எப்போதும் இருப்பது. சாரலில் இரண்டே வாரத்தில் இற்றுப் போனது. சணல் ஈரத்தில் இறுகிக் கொம்பின் தோலை அறுத்தது. கடைசியில் என் தையல்மேஜைக்கு அடியிலேயே விடை கிடந்தது. பனியன் துணி வெட்டும்போது விழுகிற ஓரத்துண்டு. விரல் அகலத்துக்குக் கிழித்து ஒரு இழுப்பு இழுத்தால் அதுவே சுருண்டு கயிறாகிவிடும், கொம்பு பருக்கப் பருக்க அதுவும் நெகிழ்ந்து கொடுக்கும். கம்பியை ஒரு சுற்று, நடுவில் ஒரு முறுக்கு, கொம்பை ஒரு தளர்ந்த சுற்று, எட்டுப் போட்ட மாதிரி. கொம்பு கம்பியில் உரசாது. பழைய பனியன் இல்லாத வீடு எது, எல்லாரும் இதைச் செய்யலாம்.

அடுத்தது நான் செய்த இரண்டாவது தப்பு. கொடி என்றால் மேலே ஏற வேண்டும் என்று நினைத்து, வந்த கொம்பையெல்லாம் நேராக நிமிர்த்திக் கட்டினேன். ஒன்பதடி போனது. பூத்ததெல்லாம் உச்சியில். சுவருக்கு மேலே நாலு பூ, அதையும் பக்கத்து வீட்டு மாடியிலிருந்து பார்த்து அவர்கள்தான் சொன்னார்கள். கீழே முழுக்க வெறும் கொம்பு.

ரோசாவின் வளர்நுனி ஆக்சின் என்று ஒரு ஊக்கியைக் கீழே அனுப்பிக்கொண்டே இருக்கிறது, அது இருக்கும்வரை கீழே உள்ள கண்கள் விழிக்காது. கொம்பைப் படுக்கவைத்துக் கட்டினால் நுனியின் அதிகாரம் குறைந்து, கணுவுக்குக் கணு கண் விழித்து ஆளுக்கொரு பக்கக்கிளையை மேல்நோக்கி அனுப்பும், ஒவ்வொரு கிளை நுனியிலும் பூ வரும். இதை நான் அத்தையிடம் நீட்டி முழக்கிச் சொல்லிக்கொண்டிருக்க, அவர்கள் வெற்றிலையை மடித்துக்கொண்டே, "சொரக்கொடிக்கு நுனியக் கிள்ளுதோம்லா, அதே சங்கதிதான், இதுக்கு எதுக்குட்டி இம்புட்டு இங்கிலீசு" என்றார்கள். அதே சங்கதிதான்.

ஆனால் வளைப்பது பதனமாகச் செய்ய வேண்டிய வேலை. முதல் கொம்பை ஒரே நாளில் படுக்கவைக்கப் போய், பச்சை முருங்கைக்காயை ஒடித்த மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான், ஒரு வருஷக் கொம்பு கையோடு வந்துவிட்டது. அப்போது அழுதேன், உண்மையாகவே. இப்போதெல்லாம் முதல்நாள் சாயங்காலம் நன்றாகத் தண்ணீர் விட்டுவிட்டு மறுநாள் ஒரு சாண் இறக்கிக் கட்டுவேன், நாலு நாள் கழித்து இன்னொரு சாண், இப்படி இரண்டு வாரத்தில் படுத்துவிடும். விறைத்துப்போன பழைய கொம்பை வளைக்க முயலவே கூடாது, அந்த வருஷம் வந்த இளங்கொம்புதான் பணியும். ஏழடிக் கொம்பு ஒன்றில் இந்த முறை 14 பக்கக்கிளை எண்ணினேன்.

இனி இலைக்கரும்புள்ளி. இந்தப் பதிவையே இதற்காகத்தான் எழுதுகிறேன் என்று சொல்லலாம்.

ஜூன் இரண்டாவது வாரம் அது ஆரம்பிக்கும். அடி இலையில் ஒரு புள்ளி, ஈரத்துணியில் மை சொட்டினால் ஓரம் பிசிறடித்துப் பரவுமே, அச்சு அப்படி இருக்கும். இரண்டு நாளில் அதைச் சுற்றி இலை மஞ்சளிக்கும், ஒரு வாரத்தில் விழும். கீழே இருந்து மேலே அப்படியே ஏறி, ஆடி முடிவதற்குள் கொம்பு மொட்டையாகிவிடும். முதல் இரண்டு வருஷம் இதை என் கவனக்குறைவு என்றே நினைத்துத் தூங்காமல் இருந்திருக்கிறேன். உரம் அதிகமா, தண்ணீர் அதிகமா, வேரில் பூச்சியா என்று தோண்டிப் பார்த்து வேரையும் அறுத்திருக்கிறேன். பக்கத்திலேயே அத்தையின் பழைய நாட்டுப் பன்னீர் ரோசா நாலைந்து இலையை மட்டும் உதிர்த்துவிட்டு நின்றது. ஏன் மஞ்சளுக்கு மட்டும் இப்படி என்று தேடப்போய்த்தான் அந்தக் கதை கிடைத்தது.

ஐரோப்பிய ரோசாக்களில் ஒரு காலத்தில் அடர்மஞ்சள் கிடையாது. சீனத்திலிருந்து வந்த தேயிலைமண ரோசாக்கள் வழியாக ஒரு வெளிர்மஞ்சள் மட்டும் இருந்தது. கண்ணைப் பறிக்கிற மஞ்சள் மேற்காசியப் பக்கத்து ரோசா ஒன்றில் இருந்தது, ரோசா ஃபீட்டிடா. அதன் மணம் நன்றாக இருக்காது என்பதால் அந்தப் பெயர், இலத்தீனில் நாறுகிறது என்று பொருள். இதை மற்ற ரோசாவோடு சேர்ப்பது எளிதாக நடக்கவில்லை. பிரான்சில் லியோன் ஊர்க்காரரான பெர்னே-துஷே வருஷக்கணக்கில் முயன்று, அந்த இனத்தின் அடுக்குப்பூ வகையான பெர்சியன் மஞ்சளின் வழியாக ஒரு செடியைக் கொண்டுவந்தார், 'சொலேய் தோர்', பொன்னிறச் சூரியன் என்று அர்த்தம். வெளியிட்ட வருஷம் 1900. இன்று நாம் கடையில் பார்க்கிற அடர்மஞ்சள், ஆரஞ்சு ரோசாக்களில் பெரும்பாலானவை அந்த வம்சம். ஆனால் நிறத்தோடு கூடவே இன்னொன்றும் வந்தது. ரோசா ஃபீட்டிடா வறண்ட தேசத்துச் செடி, இலையில் ஈரமே நிற்காத ஊரில் வளர்ந்தது, கரும்புள்ளிக் காளானை எதிர்க்கிற வலு அதற்கு இல்லை. மகளுக்கு நகையைக் கொடுக்கும்போது கடனையும் எழுதிக் கொடுத்த மாதிரி, மஞ்சளோடு அந்தப் பலவீனமும் பேரன் பேத்தி வரை வந்துவிட்டது.

இதைப் படித்த அன்று எனக்குப் பெரிய பாரம் இறங்கியது. நான் வறண்ட நாட்டுக்காரி ஒருத்தியின் பேத்தியைச் சாரல் ஊருக்கு மருமகளாகக் கூட்டிவந்திருக்கிறேன். ஜூனிலும் ஜூலையிலும் அவளுக்கு உடம்பு சரியிருக்காது. அதற்கேற்ற மாதிரி வருஷத்தை நான்தான் மாற்றி வைத்துக்கொள்ள வேண்டும்.

அந்தக் காளான் வித்து முளைக்க இலையில் ஏறக்குறைய ஏழு மணி நேரமாவது ஈரம் விடாமல் இருக்க வேண்டும். சாரலில் நாள்முழுக்க ஈரம்தான், அதை நான் தடுக்க முடியாது. மற்ற மாதங்களில் முடியும். காலையில் மட்டும், அடியில் மட்டும் தண்ணீர். ஹோஸை எடுத்து இலை குளிரக் குளிர ஊற்றுவது பார்க்க நன்றாக இருக்கும், செய்யாதீர்கள். விழுந்த இலையை அன்றன்றே பொறுக்கி அடுப்பில் போடுகிறேன், எருக்குழிக்குக் கூட விடுவதில்லை, நோய் அந்தச் சருகில்தான் காத்திருந்து அடுத்த மழைத்துளி தெறிக்கும்போது மேலே ஏறும். தெறிக்காமல் இருக்க அடியில் தேங்காய்மட்டைத் துண்டுகளை நெருக்கமாகப் பரப்பியிருக்கிறேன். மே கடைசியில் அடிப்பக்கத்து இலையை ஒரு முழம் உயரத்துக்கு நானே உருவிவிடுகிறேன், காற்று புகுந்து போகும். சாரலுக்கு முன்னால் ஒருமுறை, சாரல் விட்ட பின் ஒருமுறை, கார்பென்டசிம் என்கிற காளான்கொல்லி மருந்தை லிட்டருக்கு ஒரு கிராம் கலந்து தெளிக்கிறேன், முகத்தில் துணி கட்டிக்கொண்டு. அதற்கு மேல் மருந்து அடிப்பதில்லை. வாராவாரம் அடித்து இலையைக் காப்பாற்றுகிறவர்களும் உண்டு, சின்னப் பிள்ளைகள் ஓடி விளையாடுகிற முற்றத்தில் எனக்கு மனது வரவில்லை.

மொட்டையாக நிற்கும்போது உரம் வைக்காதீர்கள், இது என் அனுபவத்தில் கண்டது. பாவம் பட்டினியாக நிற்கிறதே என்று புண்ணாக்கு ஊற்றினால் இளந்துளிர் வரும், அதையும் புள்ளி பிடிக்கும், கொம்பில் சேர்த்து வைத்திருக்கிற சத்து வீணாகும். ஆவணியில் வெயில் தலைகாட்டி, தானாகச் செந்நிறத் துளிர் எட்டிப்பார்த்த பிறகு ஆரம்பித்தால் போதும். கடலைப்புண்ணாக்கு ஒரு கை, மூன்று நாள் ஊறவைத்து, பத்து மடங்கு தண்ணீர். ஐப்பசி மழை எங்களுக்கு உண்டென்றாலும் அது கொட்டித் தீர்த்துவிட்டு வெயிலுக்கு வழிவிடும், சாரல் மாதிரி நாள்கணக்கில் இலையை நனைத்துக்கொண்டே இருக்காது, அதில் செடி தாக்குப்பிடித்துவிடுகிறது.

மார்கழி பிறந்ததும் கவாத்து. பெரிய கொம்புகளைத் தொடுவதில்லை. அவற்றிலிருந்து கிளம்பின பக்கக்கிளைகளை மட்டும் இரண்டு மூன்று கண் விட்டு வெட்டுகிறேன், பழுத்துத் தேய்ந்த ஒரு கொம்பை அடியோடு எடுத்துவிட்டு அந்த இடத்துக்குப் புதுக்கொம்பை இறக்குகிறேன். வெட்டின வாயில் போர்டோ பசை, அதாவது மயில்துத்தமும் சுண்ணாம்பும் குழைத்த பசை, தடவுவதை மறக்கக்கூடாது, முதல் செடியை நுனியிலிருந்து கறுக்கவைத்துக் கொன்ற அந்த நோய் வெட்டுவாய் வழியாகத்தான் பெரும்பாலும் நுழைகிறது. நட்ட முதல் இரண்டு வருஷம் கவாத்தே வேண்டாம், கொம்பு சேரட்டும். வெட்டி நாற்பது, நாற்பத்தைந்து நாளில் பூ. இந்த வருஷம் மார்கழி முதல் தேதி வெட்டினேன், தை பிறந்து இரண்டு வாரத்தில் இன்று 37.

இந்த மாதத்தில் வருகிற தொல்லை இலைப்பேன். மஞ்சளும் வெள்ளையும் என்றால் அவற்றுக்குப் பிரியம். இதழ் ஓரம் கருகின மாதிரி ஆகும், மொட்டைப் பிரித்து வெள்ளைத்தாளில் தட்டினால் துளியூண்டு கோடுகளாக ஓடும். நீல அட்டையில் விளக்கெண்ணெய் தடவிக் கொம்புகளுக்கு நடுவே தொங்கவிட்டிருக்கிறேன், ஒட்டுகின்றன. முழுக்கப் போகவில்லை, குறைந்திருக்கிறது.

பூவைப் பற்றிச் சொல்லாமல் என்னென்னவோ சொல்லிக்கொண்டிருக்கிறேன். மொட்டாக இருக்கும்போது நல்ல கஸ்தூரி மஞ்சளை உரைத்த நிறம். சூரியன் ஏற ஏற விரல் மாதிரி இருந்த மொட்டு பிரிந்து, மத்தியானத்துக்குள் உள்ளங்கை அகலத்துக்கு விரிந்துவிடும். அன்று சாயங்காலம் ஓரம் வெளிறும், மறுநாள் மோர் நிறம், மூன்றாம் நாள் தொட்டால் உதிரும். ஒரே கொம்பில் மூன்று நாளின் நிறமும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். வெளிறுகிறதே என்று குறை சொல்கிறவர்கள் இருக்கிறார்கள், எனக்கு அந்த மோர் நிறம்தான் அதிகம் பிடிக்கிறது. மணம் லேசாக, கிட்டப்போய் முகர்ந்தால் தெரியும், தேயிலையும் தேனும் கலந்த மாதிரி.

புளியரைத் தட்சிணாமூர்த்திக்கு வியாழக்கிழமை விசேஷம், வெளியூரிலிருந்தெல்லாம் வருவார்கள், குருவுக்கு மஞ்சள் பூ. அத்தை இத்தனை வருஷமாகச் செவ்வந்திதான் வாங்கிக்கொண்டு போவார்கள். போன வியாழன் விடிகிற நேரத்தில் நான் எழுந்து வந்தபோது அவர்கள் சுவரடியில் நின்று, விரியாத மொட்டாகப் பார்த்து, நான் சொல்லிக்கொடுத்த மாதிரியே ஐந்து இலை உள்ள காம்புக்கு மேலே சாய்வாக வெட்டிக்கொண்டிருந்தார்கள். விரிந்ததைக் கொண்டுபோனால் கோயில் வாசல் போவதற்குள் உதிர்ந்துவிடும் என்று அவர்களே கண்டுபிடித்திருக்கிறார்கள். பதினோரு மொட்டு, வாழை இலையில் சுருட்டி. மருந்து அடித்து ஐந்து மாதம் ஆகிவிட்டதா என்று மட்டும் கேட்டார்கள். ஆகிவிட்டது என்றேன்.

வெட்டின கொம்புகளில் பென்சில் கனத்தில் ஆறு எடுத்து, நாலு கணு வைத்து, மணலில் ஊன்றித் தண்ணீர் பாட்டிலைப் பாதியாக வெட்டிக் கவிழ்த்திருக்கிறேன். மூன்றில் துளிர் தெரிகிறது. வேர் விட்டிருக்கிறதா என்று இழுத்துப் பார்க்கக் கை துறுதுறுக்கிறது, மாசி பிறக்கும்வரை தொடுவதில்லை என்று வைத்திருக்கிறேன். பிடித்தால் ஒன்று பக்கத்து மாடி வீட்டுக்கு, ஒன்று மலைக்கு அந்தப் பக்கம் அந்தச் சேட்டனுக்கு. இன்னொன்றுக்குக் கிழக்குச் சுவரின் அடுத்த பாதியில் கம்பி இழுக்க வேண்டும். அங்கே இப்போது அத்தையின் பிச்சிப்பந்தல் இருக்கிறது. அத்தையிடம் இன்னும் பேசவில்லை.